சாவி கொடுக்கும் கை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் வீட்டுக்காரி சிட்டுவும் நலம். மலைக்குளிரில் காது இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். எங்கள் மின்நிலையத்துக்குச் சாமான் ஏற்றி வரும் லாரியில் ஒரு பழைய செய்தித்தாள் வந்தது. அதில் இரண்டு வரி விளம்பரம். கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ‘மூன்று நட்சத்திரம்’ கைக்கடிகாரம், சாவி கொடுக்கும் வகை, நேரில் பார்த்து வாங்கலாம். இந்த ஒரு மாடலுக்காக நான் எத்தனை ஊர்க் கடைகளில் மூக்கை நுழைத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். முகவரியைப் பார். உன் ஆஸ்பத்திரியின் பின்தெரு, ஒரு ரொட்டிக் கடை. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டர்பைனுக்கு எண்ணெய் விடப் போனவன் விடாமலே டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன்.

வரப்போகும் மழைக்காலம் முடியும்வரை எனக்கு லீவு கிடையாது. நீதான் போய்ப் பார்க்க வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கிற கண் உன்னுடையது. பூதக்கண்ணாடி வைத்து டயல் எழுத்துகளைப் பார். ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். குண்டு குண்டாக இருந்தால் யாரோ மறுபடி வண்ணம் அடித்திருக்கிறார்கள். முள்கள் இரண்டும் ஒரே சாயலா? பின்மூடியில் பொறித்த எண் தேயாமல் இருக்கிறதா? பளபளவென்று மின்னினால் சந்தேகப்படு. பழைய பொருள் பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், வாங்கிவிடுகிறேன். வேறு யாராவது கொத்திக்கொண்டு போவதற்குள் போ.

பயப்படாதே, அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். மூன்று மாப்பிள்ளைகளைக் கூட்டி வந்து உன்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டபின், உன் கல்யாணத்தைப் பற்றி இனி வாயே திறப்பதில்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். இது வெறும் கடிகார விஷயம்.

பதிலுக்குத் தவம் கிடக்கும்
உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கழுத்துவலியும் நலமாக என்னோடுதான் இருக்கிறது. சிட்டுவின் இருமல் நின்றதா?

எனக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. சரி, போனேன். கடையில் ஆளே இல்லை என்று நினைத்தேன். மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூட்டை அசைந்தது. அதுதான் கடைக்காரர். முழங்கை வரை மாவு, புருவத்திலும் மாவு. விளம்பரத்தைக் காட்டினேன். “கை கழுவிட்டு வாங்க” என்றார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருக்கிறவளைப் பார்த்துச் சொல்கிறார். கழுவினேன். அவரும் நகக்கண் விட்டுக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். பெட்டிக்குள் துணி, துணிக்குள் இன்னொரு துணி, அதற்குள் உன் கடிகாரம்.

டயல் பாலாடை நிறம். பன்னிரண்டுக்குக் கீழே மூன்று பொடி நட்சத்திரங்கள். எழுத்து ஓரங்கள் கூர்மையாகவே இருக்கின்றன. கீழே நொடி முள்ளுக்குத் தனியாக ஒரு சின்ன வட்டம். தேதி காட்டும் கட்டம் கிடையாது. முள்கள் ஒரே சாயல். பின்மூடி எண் நகத்தில் தட்டுப்படுகிறது. ஓரத்து இடுக்கில் மாவு அடைந்திருக்கிறது. மின்னவில்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு பக்கம் அடுப்புச் சூடு, ஒரு பக்கம் மாவு. நடுவுல இது சாகக் கூடாது. நல்ல கை கிடைச்சா குடுத்துடலாம்னுதான்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. சரியான கல்லுளிமங்கன். கிளம்பும்போது மட்டும் சூடாக ஒரு ரொட்டியை நீட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

என் பார்வைக்குச் சரி. வாங்கிக்கொள்.

உன் அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சிட்டுவின் இருமல் நின்றுவிட்டது. என் தூக்கம்தான் போய்விட்டது. உன் கடிதத்தை மடிப்பு கிழியும் அளவுக்குப் படித்துவிட்டேன். பாலாடை நிறம் என்று எழுதினாயே, அந்த ஒரு சொல்லுக்கு உனக்குக் கோவில் கட்டலாம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. முகம் நன்றாக இருந்தால் போதுமா, ஓட்டம் தெரிய வேண்டாமா? ஒரு நாள் டயல் மேலே பார்க்க வை, ஒரு நாள் கவிழ்த்து வை, ஒரு நாள் சாவி கீழே இருக்கும்படி நிறுத்தி வை. தினமும் காலையில் அதே நேரத்துக்கு நீயே சாவி கொடுத்து, உன் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார். சாவி கொடுக்கும்போது வெண்ணெயாக இருக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. காதில் வைத்தால் டிக் டிக் சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். கடையை விட்டு வெளியே கொடுக்க மாட்டேன் என்றால் நீ தினமும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். எனக்காக இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள். தலைமுறைக்கும் மறக்க மாட்டேன்.

முடிந்தால் உள்ளே துரு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

பறந்துகொண்டிருக்கும்
உன் தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கழுத்துவலி குறைந்திருக்கிறது. காலையில் நடப்பதால் இருக்கும்.

தினமும் டியூட்டிக்கு முன்னால் போகிறேன். நான் போகும்போது முதல் அடுப்பு ரொட்டி வெளியே வந்திருக்கும். எனக்கென்று ஒரு ஸ்டூல், மாவு படாமல் துடைத்து வைத்திருப்பார். சாவி கொடுக்கிறேன், வெண்ணெய்தான். அவர் வாய் திறந்து பேசுகிறவர்தான், அதற்கு ரொட்டி அடுப்பில் ஏற வேண்டும், அவ்வளவே. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகிறதாம். மாவு பிசையும்போது பாடுகிறார். குரல் சுமார். அது கடிகாரத்துக்குச் சம்பந்தமில்லாதது.

உள்ளே துரு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இத்துடன் ஒரு எக்ஸ்ரே படம் வைத்திருக்கிறேன். அவருக்கு மணிக்கட்டு வலி. டாக்டரிடம் போகச் சொன்னேன், டாக்டர் எக்ஸ்ரேவுக்கு என்னிடம் அனுப்பினார். உலோகத்தைக் கழற்றாமல் யாரையும் படம் எடுத்ததில்லை நான். ஒரு படம் முறைப்படி எடுத்தேன். பிறகு உன் நினைவு வந்து, அன்றைய சாவிக்காக அவர் பெட்டியோடு கொண்டு வந்திருந்த கடிகாரத்தைக் கட்டச் சொல்லி இன்னொன்றும் எடுத்தேன். பழக்கதோஷத்தில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று வேறு சொல்லிவிட்டேன். நெஞ்சுப் படத்துக்குச் சொல்கிற வார்த்தை, கைக்கு எதற்கு? அவரும் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடிகாரம் முழுக்க வெள்ளையாக விழுந்துவிட்டது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எலும்பைப் பார். சுண்டு விரல் பக்கம் சின்ன வயதில் முறிந்து கூடிய தழும்பு இருக்கிறது. எவ்வளவு நேராகக் கூடியிருக்கிறது தெரியுமா? இவ்வளவு சுத்தமான மணிக்கட்டை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கழுத்துவலி குறைந்தது பற்றி மெத்த மகிழ்ச்சி.

நான் கேட்டது கடிகாரத்தின் உள்பக்கம். நீ அனுப்பியது ஒரு ரொட்டிக்காரரின் உள்பக்கம். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். என் கனவுக் கடிகாரம் சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் எலும்பு. ஷிப்டுக்கு வருகிறவன் எல்லாம் யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரிக்கிறான். சிட்டு மட்டும் படத்தையும் உன் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். என்னவென்று கேட்டால், “அண்ணி புதுசா ஏதாவது வாங்கினாங்களான்னு கேளுங்க” என்கிறாள். அவளுக்கு எப்போதும் கடைப் பேச்சுதான்.

அக்கா, நான் இங்கே முள் மேல் நிற்கிறேன். ஓட்டம் எப்படி? வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் எழுது.

உன் தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்று சிட்டுவிடம் சொல். மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று மாற்றினேன், அது டயலை நன்றாகப் பார்ப்பதற்காக.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கடிகாரத்தில் நிறையக் குறைகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. ஓட்டம் சீராக இல்லை. ஒரு நாள் வேகமாக ஓடுகிறது, மறுநாள் தாமதம், அதற்கடுத்த நாள் மறுபடி வேகம். எப்படி வைத்தாலும் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை. ரொட்டிக்காரரிடம் சொன்னேன். அவரும் கவலையோடு, “இன்னும் கொஞ்ச நாள் பாத்துடலாங்க” என்கிறார். நேர்மையான மனிதர். வேறு யாராக இருந்தாலும் தலையில் கட்டிவிடத்தான் பார்ப்பார்கள்.

சாவியும் சில நாள் நறநறக்கிற மாதிரி இருக்கிறது. வார் இறுக்கமாக இருக்கிறது. தேதி வேறு இரவில் மாறாமல் மத்தியானம் மாறுகிறது. இதையெல்லாம் தீர விசாரிக்காமல் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முடிவுக்கு வர இன்னும் சில மாதமாவது ஆகும்.

அவர் இப்போது எள் தூவிய ஒரு ரொட்டி போடுகிறார். முன்பு போட்டதில்லையாம். எனக்கு எள் பிடிக்கும் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

உன் அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் நாடுகிறேன்.

ஆசை ஆசையாகப் பிரித்தேன், மனசு விட்டுப் போய்விட்டது. இத்தனை கோளாறு உள்ள கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு யார் மாரடிப்பது? விட்டுத் தள்ளு.

அதிர்ஷ்டத்தைப் பார், எங்கள் பண்டகசாலைக்காரரின் சித்தப்பாவிடம் இன்னொரு ‘மூன்று நட்சத்திரம்’ இருக்கிறதாம். அடுத்த வாரம் கொண்டு வருகிறார். அதையே எடுத்துக்கொள்கிறேன். நீ நாளையிலிருந்து ரொட்டிக் கடைக்கு அலைய வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பாவம், அவரும் வேறு ஆளைப் பார்க்கட்டும். இத்தனை நாள் உன்னைப் படுத்தி எடுத்துவிட்டேன், இனி காலையில் நிம்மதியாகத் தூங்கு.

உன் தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

நீ சொன்னபடி அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். போவதை நிறுத்திவிட்டேன்.

கழுத்துவலி திரும்பி வந்திருக்கிறது. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. லாரி கிளம்ப ஹாரன் அடிக்கிறது, டிரைவருக்குச் சிட்டு டீ கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறாள்.

உன் கடைசிக் கடிதத்தைப் பார்த்ததும் அவள் என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள். எல்லாக் கடிதங்களையும் எடுத்து வைத்து மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். நான் ஒரு மடையன். கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், கண் முன்னால் இருந்த இரண்டு விஷயத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

முதல் விஷயம். கடிகாரத்துக்கு நோவு வந்தால் தினமும் ஒரே மாதிரிதான் வரும். வேகமென்றால் வேகம், தாமதமென்றால் தாமதம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று இஷ்டத்துக்கு ஓடாது. உள்ளே கோளாறு இல்லை. நீ போன பிறகு யாரோ முள்ளைத் தொடுகிறார்கள். அந்தக் கடையில் கை வைக்கக்கூடியவர் யார் என்று நீயே யோசித்துக்கொள்.

இரண்டாவது. பிப்ரவரியில் தேதிக் கட்டமே கிடையாது என்று எழுதினாய். மே மாதம் அந்தத் தேதி மத்தியானம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறாய். இல்லாத கட்டத்தில் மாறுகிற தேதியை உலகத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இது மிக அபூர்வமான கோளாறு. விடவே கூடாது. நாளைக் காலையிலிருந்து மறுபடி போய்க் கவனி. ஒரு மாதமானாலும் சரி, ஒரு வருஷமானாலும் சரி.

சத்தியத்தை நான் மீறவில்லை. அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, நன்றாகப் பார். நான் பேசுவதெல்லாம் கடிகாரத்தைப் பற்றித்தான்.

சித்தப்பாவின் கடிகாரம் வந்தது. டயல் எழுத்தெல்லாம் குண்டு குண்டாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம். நீங்கள் இருவரும் நலமா? சிட்டுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முதல் நாளே ஒன்று நடந்துவிட்டது. எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையில் ரொட்டிக்காரர் நிற்கிறார். கழுவிய கை, வாரிய தலை, புருவத்தில் மட்டும் கொஞ்சம் மாவு. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார். பையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“நின்னு போச்சுங்க. சாவி குடுக்கிற ஆள் வரல.”

நீங்களே கொடுத்திருக்கலாமே என்றேன். கொடுத்திருக்கலாம், கொடுக்கத் தோன்றவில்லை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். பரீட்சை முடிந்துவிட்டால் நான் வர மாட்டேனே என்று தினமும் சாயங்காலம் முள்ளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி வைத்தாராம். மார்ச் மாதமே ஒரு கடிகார வியாபாரி வந்து கேட்டானாம், விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டாராம். நான் வேலை மெனக்கெட்டு அந்தக் கோளாறுகளையெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். தேதியைப் பற்றி மட்டும் கேட்காதே. அது என் சொந்தச் சரக்கு. எழுதும்போது எனக்கே கட்டம் இருந்த மாதிரிதான் பட்டது.

வெளியே வரிசை நீண்டுகொண்டே போகிறது. அட்டெண்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டான். கிளம்பட்டும் என்றுதான் மேஜை மேல் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிளம்பிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அப்போதுதான் சொன்னார்.

“அன்னைக்கு மூச்சைப் பிடிங்கன்னு சொன்னீங்க. விடுங்கன்னு இன்னும் சொல்லவே இல்லீங்க.”

எத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை. விடுங்கள் என்று சொன்னேன். அவர் விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த சீட்டெல்லாம் பறந்தது. நானும் சேர்ந்துதான் விட்டேன் தம்பி.

கடிகாரம் உன்னுடையது. அவரும் அப்படித்தான் சொல்கிறார். நீ ஆசைப்பட்ட பொருள், வந்து வாங்கிக்கொள். காசெல்லாம் வேண்டாமாம்.

அந்தப் பேச்சை இனி நீ எடுக்கலாம்.

உன் அக்கா

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் கடிதத்திலேயே உறவு முறை போட்டு எழுதுகிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். பிப்ரவரியிலிருந்து உங்கள் ரொட்டியின் மணத்தைக் கடிதத்தில் முகர்ந்துகொண்டிருப்பவன் நான். நாங்கள் நலம். உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

நேற்று அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டு டர்பைன் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். ஷிப்ட் முழுக்க ஓடி வந்துவிட்டது. யாருக்கு என்ன ஆச்சு என்றார்கள். எனக்கு அத்தான் கிடைத்திருக்கிறார் என்றேன். சிட்டு அழுகிறாள், சிரிக்கிறாள், துணிமணிகளைப் பெட்டியில் வைக்கிறாள், எடுக்கிறாள். மேலதிகாரியிடம் போய் நின்று, மழையாவது வெயிலாவது என்று சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதம் வரும் லாரிக்கு அடுத்த லாரியில் நாங்கள் வருகிறோம்.

கடிகாரம் எனக்கு வேண்டாம். ஆசை இல்லாமல் சொல்லவில்லை, இப்போதும் பாலாடை நிறம் என்றால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கையில் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அது போதும். தயவு செய்து பாலிஷ் போட வேண்டாம். இடுக்கில் இருக்கிற மாவு அங்கேயே இருக்கட்டும். முள்ளை இனிமேல் தள்ள வேண்டாம், அவசியமில்லை. தினமும் காலையில் அதே நேரத்துக்கு அக்காவே சாவி கொடுக்கட்டும். பழைய கடிகாரம் ஒரே கைக்குப் பழகினால் நன்றாக ஓடும். நல்ல கை கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று முதல் நாள் நீங்கள் சொன்னதாக அக்கா எழுதியிருந்தாள். கிடைத்துவிட்டது.

உங்கள் எக்ஸ்ரே படம் எங்கள் ஜன்னலில்தான் இன்னும் தொங்குகிறது. காலை வெயிலில் எலும்பெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மாப்பிள்ளையை எலும்பு வரை பார்த்தாகிவிட்டது. முகத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை. அதற்குத்தான் வருகிறோம்.

உங்கள் மைத்துனன்